கிழக்கு பார்த்த படகு

வீடு என்றால் நிற்கிற இடத்தில் நிற்கும். வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையையே காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். படகு அப்படி இல்லை. ஒரு கயிற்றில் கட்டி நிறுத்தினால், காற்று வருகிற பக்கம் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். இந்தச் சின்ன விஷயம் எனக்குப் பத்து வயதில் புரிந்துவிட்டது. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த எங்கள் பெரியப்பாவுக்குப் புரியவைக்கத்தான் குடும்பத்தில் யாராலும் முடியவில்லை. அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் மெதுவாக வரும்.

எங்கள் எஸ்டேட் தேவிகுளத்துக்குக் கீழே, மலை இறங்குகிற இடத்தில் இருந்தது. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஓடிய ஆற்றை எந்தக் காலத்திலோ மறித்து அணை கட்டியிருந்தார்கள். தண்ணீர் ஒவ்வொரு மலை இடுக்குக்குள்ளும் புகுந்து, வளைவு வளைவாகக் கிடக்கும். எங்கள் லயம் மேற்குச் சரிவில், தண்ணீருக்கு நேர் மேலே. ஆறு வீடுகள் சேர்ந்த ஒரு வரிசை. எங்கள் வீடு என்பது ஒரே ஒரு அறையும் அதை ஒட்டிய அடுப்படியும்தான். அப்பா, அம்மா, நான், தம்பி நாலு பேரும் அதற்குள் படுத்துக்கொள்வோம். அடுப்புச் சுவரை ஒட்டிய இடம் என்னுடையது. மார்கழிக் குளிரிலும் அந்தச் சுவர் விடியும்வரை சூடு ஆறாமல் இருக்கும். அந்த இடத்துக்காகத் தம்பியோடு நான் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல.

பெரியப்பா அப்பாவின் ஒரே அண்ணன். மேல் டிவிஷனில், தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டிய லயத்தில் இருந்தார். தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற யந்திரத்தில் வேலை. தாத்தா பாட்டி சீக்கிரம் போய்விட்டதால் அப்பாவை வளர்த்ததும், எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும், பெண் பார்த்துக் கட்டிவைத்ததும் அவர்தான். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். அப்பாவுக்கு ரொம்ப நன்றாகவே தெரியும்.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலை இருக்கிறவரைக்கும்தான் வீடு. வயதாகி வேலை முடிந்தால், வீட்டில் இன்னொரு ஆள் கம்பெனி வேலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். சாவியைக் கையில் வாங்கிய பிறகுதான் சர்வீஸ் பணத்தையே கண்ணில் காட்டுவார்கள். பெரியப்பாவுக்கு ஒரே மகள். அவளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தது. பொண்ணு கொடுத்த வீட்டில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார முடியாது என்று பெரியம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். தென்காசிப் பக்கம் பூர்வீகம் என்று பேச்சுக்குச் சொல்வோமே தவிர, அங்கே எங்களுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. ஆக, தை மாதம் முடிவதற்குள் பெரியப்பாவும் பெரியம்மாவும் எங்கே போய் இருப்பது? அந்த வருஷம் முழுக்க எங்கள் இரண்டு வீட்டிலும் இது ஒன்றுதான் கேள்வி. ஆனால் யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை.

பெரியப்பா சும்மா இருக்கவில்லை. மூன்று சென்ட் நிலம் கேட்டுத் தாலூக் ஆபீசுக்கு நடந்தார். அங்கே இருந்த சார் ஒவ்வொரு தடவையும் 'பரிகணிக்காம்' என்றாராம். மலையாளத்தில், கவனிக்கிறோம் என்று அர்த்தம். கடைசித் தடவை போய்விட்டு வந்த அன்றைக்குத்தான் பெரியப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கீழே கிடந்த தண்ணீரைப் பார்த்தார். பார்த்தவர், "நெலத்துக்குத்தான் பட்டா கேக்கான். தண்ணிக்கு எவன் கேக்கப் போறான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

யூனியன்காரர்கள் ஒரு தடவை ஆலப்புழைக்குக் கூட்டிப்போனபோது அவர் கெட்டுவள்ளத்தைப் பார்த்திருக்கிறார். படகின் மேலேயே வீடு, ஜன்னல், ஜன்னலுக்குத் திரை. காயலில் பகல் முழுக்கச் சுற்றிவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஒரு ஒதுக்குப்புறமான கரையோரம் நங்கூரத்தைப் போட்டு நிறுத்திவிடுவார்களாம். சமையல்காரன் மீன் பொரித்துக் கொடுப்பானாம். அதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது படகு தேட ஆரம்பித்தார். கடலும் காயலும் இல்லாத மலையில் படகு எங்கே கிடைக்கும் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

கிடைத்துவிட்டது. பக்கத்து ரிசார்ட்டில் கோட்டயம் பக்கமிருந்து ஒரு பழைய மர வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, புல்வெளி நடுவில் வைத்து, உள்ளே மண்ணை நிரப்பிப் பூச்செடி நட்டிருந்தார்கள். பூ வாடிப்போய், மரமும் இத்துப்போய், அப்புறப்படுத்த வழி தெரியாமல் இருந்தவர்களிடம் பெரியப்பா போய் நின்றார். தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள். டிராக்டரில் கட்டி இழுத்து எங்கள் லயத்துக்குக் கீழே கொண்டுவந்து இறக்கியபோது அதற்குள் ஒரு முழம் மண்ணும், மண் நிறைய மண்புழுவும், காய்ந்துபோன இரண்டு செண்டுப்பூச் செடிகளும் இருந்தன. பெரியம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கக்கூசுக்கு எங்க போறது?" என்றார்.

"கரைக்குப் போறது."

"மழ பெஞ்சா?"

"கொடையப் புடிச்சுக்கிட்டுக் கரைக்குப் போறது."

இதற்கு மேல் என்ன பேச. பெரியப்பா மண்ணை அள்ளினார், இடுக்குகளில் கயிற்றுத் திரியைத் திணித்தார், அதற்கு மேல் தாரைக் காய்ச்சி ஊற்றினார். மழைக்கு நாங்கள் தலையில் போடுகிற தார்ப்பாயை மூங்கில் வளைவில் கட்டிக் கூரை போட்டார். தண்ணீரில் இறக்கினால் எல்லா ஓட்டையும் வாயைத் திறந்தன. மரம் ஊறினால் தானாக மூடிக்கொள்ளும் என்றார். ஊறியது. பாதி மூடியது. மீதி ஓட்டைகளுக்குத்தான் நான்.

ஆமாம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கையில் கொடுத்து என்னைப் படகில் ஏற்றிவிடுவார். அவர் துடுப்புப் போடுவார், நான் தண்ணீர் இறைப்பேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் பக்கத்து வீட்டு டிவியில் சினிமா பார்த்துக்கொண்டிருக்க, நான் குத்தவைத்து உட்கார்ந்து அணைத் தண்ணீரை அணைக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தேன். முதுகு வலிக்கிறது என்று சொன்னால், ஆலப்புழையில் இதற்கு ஆயிரக்கணக்கில் காசு கொடுக்கிறார்கள் தெரியுமா என்பார். காசு கொடுக்கிறவர்கள் தண்ணீர் இறைப்பார்களா என்று கேட்டேன். அவர் பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்.

நங்கூரக் கதை தனி. கடையில் விற்கிற சாமானா அது? ஒரு நாள் பெரியம்மா விறகு பொறுக்கிவிட்டுத் திரும்பி வந்தால், அடுப்படியில் ஆட்டுக்கல்லைக் காணோம். பெரியம்மா கல்யாணத்துக்குச் சீராக வந்த கல் அது. அதைக் கயிற்றால் உறி மாதிரி பின்னிக் கட்டி, படகின் முனையில் ஏற்றி வைத்திருந்தார் பெரியப்பா. எத்தனை இழுத்தாலும் அசையாது என்று பெருமை வேறு. பெரியம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பேசியபோதும், நாளைக்கு மாவு எதில் ஆட்டுவது என்றுதான் கேட்டார்.

"நங்கூரத்தத் தூக்கி ஆட்டிக்கிட்டு, மறுபடியும் போட்டுக்கிடலாம்" என்றார் பெரியப்பா. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சரி, போடுகிற கல்லை ஒழுங்கான இடத்திலாவது போட வேண்டாமா? எங்கள் லயத்துக்குத் தெற்கே, ஒரு மொட்டைப்பாறையைச் சுற்றிக்கொண்டு போனால், பின்னால் ஒரு குடா இருந்தது. மூன்று பக்கமும் சரிவு. எவ்வளவு காற்று அடித்தாலும் அங்கே தண்ணீர் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடக்கும். படகு நிறுத்துவதற்கென்றே செய்து வைத்த இடம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அது வழியாகத்தான் போவோம். ஒவ்வொரு தடவையும் நான் சொல்வேன், பெரியப்பா இங்கேயே கல்லைப் போடலாம் என்று. ஒரு தடவை, அங்கே மீன் இல்லை என்றார். இன்னொரு தடவை, அங்கே யானை தண்ணீர் குடிக்க இறங்கும் என்றார். யானை எங்கள் லயத்துக்குக் கீழேயும்தான் இறங்கும். கடைசியில் எல்லா வளைவையும் சுற்றிவிட்டு, எங்கள் லயத்துக்கு நேர் கீழே, அணைக்கட்டுப் பக்கமிருந்து வருகிற வடகாற்று முழுவதும் வந்து மோதுகிற இடத்தில் கொண்டுபோய்த் தொப்பென்று ஆட்டுக்கல்லைப் போடுவார். படகு ஆடும். எனக்குக் குமட்டும். மேலே வாசலில் நின்று அம்மா, டீ போட்டாச்சு என்று குரல் கொடுப்பாள். அவர், குடித்துவிட்டேன் என்று கையை ஆட்டுவார். எங்கே குடித்தார், எப்போது குடித்தார், அதெல்லாம் கேட்கக்கூடாது.

அப்பா இந்த விஷயத்தில் தலையிடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தண்ணீர் இருக்கிற பக்கமே திரும்ப மாட்டார். வாசலில் உட்கார்ந்தாலும் முதுகைக் காட்டி உட்காருவார். லயத்தில் யாராவது, உங்க அண்ணன் கப்பல் விட்டிருக்காராமே என்று கேட்டால், முகம் செத்துப்போகும். அண்ணனின் கிறுக்குத்தனத்தால் வந்த வெட்கம் என்று நான் நினைத்தேன். எனக்கும் அதே வெட்கம் இருந்ததால் அப்பாவை நன்றாகப் புரிந்துகொண்டுவிட்டதாகவே நினைத்தேன். ஒரு நாள் அம்மா அவரிடம், "நீங்களா ஒரு வார்த்த சொன்னா என்ன" என்று மெதுவாகக் கேட்டாள். "எங்க படுப்பாக? உத்தரத்துலயா?" என்று கேட்டுவிட்டு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். படகுக்கு உத்தரம் ஏது என்று எனக்கு ஒரே குழப்பம்.

தை பிறந்தது. சாவி கொடுக்க வேண்டிய நாள் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள், ஞாயிறு, படகில் பால் காய்ச்சுவது என்று பெரியப்பா முடிவு செய்தார். புது வீட்டுக்குப் போகிறவர்கள் பால் காய்ச்சாமல் போவார்களா? அணைக்கட்டு வாட்சரையும் அழைத்திருந்தார். அவர் மலையாளி, நல்ல மனுஷர், பெரியப்பா கொடுத்த மீனை எல்லாம் சாப்பிட்டுவிட்டு இதுவரை கண்டும் காணாமல் இருந்தவர். அழைப்பைக் கேட்டதும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. "அண்ணாச்சி, ஞாயறாழ்ச்ச கழிஞ்ஞா வள்ளத்தக் கரைக்கு ஏத்திடணும். எஞ்சினியர் சார் கண்டா என் ஜோலி போகும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை தாண்டினால் அவரும் காப்பாற்ற மாட்டார் என்று எல்லோருக்கும் புரிந்தது. பெரியப்பா, வந்து பால் குடித்துவிட்டுப் போங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். அவர் வரவில்லை.

அன்றைக்கு விடிந்ததும் டிரங்குப் பெட்டி, பாய், குடம், சாமி படம் எல்லாவற்றையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து படகில் ஏற்றினார்கள். பெரியம்மா பட்டுச் சேலை கட்டியிருந்தார். மலையில் மாவிலைக்கு எங்கே போவது, யூக்கலிப்டஸ் தழையைக் கோத்துத் தோரணம் கட்டியிருந்தார். தைல வாடை மூக்கைத் துளைத்தது. பெரியப்பா, பெரியம்மா, அம்மா, டப்பாவோடு நான், நாலு பேரும் ஏறினோம். அப்பா வரவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று காரணம் சொன்னார். தம்பி அப்போது ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான், அவனை யாரும் பார்த்துக்கொள்ளத் தேவையில்லை.

காலையில் காற்று அவ்வளவாக இல்லை. அப்போதே அடுப்பைப் பற்ற வைத்திருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். லயத்துக்கு நேர் கீழே ஆட்டுக்கல்லைப் போட்டார். படகு மெல்லத் திரும்பி வடக்கைப் பார்த்து நின்றது. பெரியம்மா மண்ணெண்ணெய் அடுப்பில் பால் சட்டியை வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார்.

"இரு" என்றார் பெரியப்பா. "வாசல் கெழக்க பாக்கணும்லா."

படகுக்கு வாசல் எது என்று நான் கேட்டேன். முனைதான் வாசலாம். மூங்கில் கழியை எடுத்துத் தரையில் ஊன்றி, தம் பிடித்துத் தள்ளினார். படகு கிழக்கே திரும்பியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல வடக்கே போய் நின்றுகொண்டது. மறுபடியும் தள்ளினார். மறுபடியும் அது திரும்பிக்கொண்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெரியப்பா, இது நிக்காது."

"நிக்கும் புள்ள. புதுசுலா, பழகணும்."

படகு பழகுமா? மாடா அது? கழியால் தள்ளிப் பிடித்துக்கொண்டே நிற்கிறேன், அதற்குள் காய்ச்சிவிடு என்றார். பெரியம்மா தீக்குச்சியைக் கிழிப்பதற்குள் கழி சேற்றில் புதைந்து, அதை இழுக்கப் போய் அவரே தண்ணீருக்குள் விழப்பார்த்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பெரியம்மா காலண்டர் தாளைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார். அதை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

"சாமி, தெசை எதுவா இருந்தா என்ன? காய்ச்சிப்புடுவோம்" என்றார் கடைசியில்.

பெரியப்பா கழியைக் கீழே வைத்தார். அவர் குரலை உயர்த்துகிறவரே இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. ஆனால் என்னைப் பார்க்காமல், யாரையும் பார்க்காமல் சொன்னார்: "பொறந்ததுலேருந்து கம்பெனி வச்ச வாசல்லதான் பொழங்குனோம். ஒரு வாசலாச்சும் நாம சொன்ன பக்கம் பாக்கட்டும்."

பெரியம்மா தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். நான் டப்பாவால் தண்ணீர் இறைத்தேன், வேறு என்ன செய்ய.

பெரியப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு கல்லால்தானே திரும்புகிறது, பின்னாலும் ஒரு கல் போட்டுவிட்டால் எப்படித் திரும்பும்? பின்னால் போட என்ன இருக்கிறது என்று தேடி, சாமான்களுக்கு அடியிலிருந்து பெரியம்மாவின் அம்மிக்கல்லை இழுத்தார். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொல்லிச் சொல்லி அலுத்திருக்கும். முன்னால் ஆட்டுக்கல், பின்னால் அம்மிக்கல் என்று அடுப்படியில் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. இரண்டு கயிற்றையும் இழுத்து விறைப்பாகக் கட்டினார். படகு நின்றது. நிஜமாகவே கிழக்கைப் பார்த்து, அசையாமல் நின்றது. பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் தோற்றுப்போனது போல அந்தப் பார்வை இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவ்வளவு கூத்துக்குள் பொழுது ஏறிவிட்டது. பொழுது ஏறினால் எங்கள் அணையில் காற்று கிளம்பும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அணைக்கட்டுப் பக்கமிருந்து தண்ணீர் கறுத்துக்கொண்டே வந்தது. ஒற்றைக் கல்லில் நிற்கிற படகு என்றால் காற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, அலையை முனையால் வாங்கிக் கிழித்துக்கொண்டு நின்றிருக்கும். இதுவோ முன்னும் பின்னும் கட்டிப் போட்ட படகு. விலா முழுவதையும் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. முதல் அலை வந்து இடது பக்கத்தில் அறைந்தது.

பால் அப்போதுதான் பொங்கி வந்துகொண்டிருந்தது. பெரியம்மா கையைக் கூப்பிக்கொண்டு, அது எந்தப் பக்கம் வழியப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கே வழிந்தால் நல்லது, வடக்கேயும் நல்லது. இரண்டாவது அலை மோதியதும் சட்டி அப்படியே சரிந்து மொத்தப் பாலையும் தெற்கே கொட்டியது. எமன் திசை. அடுப்பு உருண்டு, அடியில் கிடந்த தண்ணீரில் விழுந்து, சீறி அணைந்தது. சாமி படம் குப்புற விழுந்தது. அம்மா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். என் காலைச் சுற்றி வெதுவெதுவென்று பாலும் மண்ணெண்ணெயும் கலந்த தண்ணீர். டப்பாவால் அதை அள்ளி வெளியே ஊற்றினேன். உலகத்திலேயே படகிலிருந்து பாலை இறைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பெரியம்மா, பட்டுச் சேலை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டிருக்க, டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, தெற்கே வழிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா அடுப்பை நிமிர்த்தி வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தார். நமுத்த குச்சி, தலை உதிர்ந்தது. இன்னொன்று. அதுவும் உதிர்ந்தது. சட்டியில் ஒரு கரண்டிப் பால்தான் மிச்சம். "அது போதும், அது போதும், பொங்குனா சரி" என்று சொல்லிக்கொண்டே அவர் ஒவ்வொரு குச்சியாக எடுத்து உரசிக்கொண்டிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. பாவம் என்று தோன்றியது உண்மை. அதைவிட, மொட்டைப்பாறைக்குப் பின்னால் போயிருந்தால் இந்தக் கேடு வந்திருக்குமா என்று மண்டைக்குள் எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் மேலேயிருந்து குரல் கேட்டது.

"அண்ணே."

திரும்பிப் பார்த்தால் வாசலில் அப்பா நிற்கிறார். தண்ணீரைப் பார்த்து நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. இடுப்பு உயரத்துக்குத் தம்பி, அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு.

"அண்ணே, போதும். சாமானத்த எறக்குங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார்: "மதினியக் கூட்டிக்கிட்டு வாங்க. நம்ம வீட்டுல காய்ச்சிக்கிடலாம்."

இவ்வளவுதான் அப்பா சொன்னது. பெரியப்பா தீப்பெட்டியைக் கீழே வைத்தார். "சரிப்பா" என்றார். மேலே கேட்டிருக்காது. பிறகு செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியைச் சாமான்களுக்கு நடுவிலிருந்து எடுத்தார். கல்லைத் தூக்கப் போகிறார் என்று நினைத்து நான் நகர்ந்து வழி விட்டேன். அவர் முன் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினார். பின்னால் போய் அதையும் வெட்டினார். இரண்டு கயிறும் தண்ணீருக்குள் சுருண்டு போயின.

"பெரியப்பா, கல்லு" என்றேன் நான். ஆட்டுக்கல்லுக்காக ஒரு வாரம் பேசாமல் இருந்த பெரியம்மா, அம்மிக்கல்லும் சேர்ந்து போனதைப் பார்த்துக்கொண்டே, "கெடக்கட்டும் புள்ள" என்றார். சொல்லிவிட்டு, குப்புறக் கிடந்த சாமி படத்தை எடுத்து முந்தானையால் துடைத்தார். பெரியவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் புத்தி பிசகிவிட்டதா என்று நான் ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தேன்.

கரைக்கு வந்ததும் அப்பா முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்று படகைப் பிடித்தார். டிரங்குப் பெட்டியைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டார். அண்ணனும் தம்பியும் முன்னும் பின்னுமாக மேடு ஏறினார்கள்.

எங்கள் அடுப்பில் பால் காய்ச்சினார்கள். வாட்சருக்கும் லயத்தில் எல்லோருக்கும் கொடுக்கிற அளவுக்கு அம்மா பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் பால் வாங்கி வந்துவிட்டாள். பெரியம்மாதான் ஊற்றினார். பால் பொங்கி வழிந்தது. நான் கவனமாகப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லவும் சொன்னேன்.

"பெரியம்மா, மேக்க வழியுது."

யாரும் காதில் வாங்கவில்லை. காலையிலிருந்து திசை திசை என்று உயிரை வாங்கிய பெரியப்பா, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாலை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கிழக்காவது மேற்காவது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் அவர் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கடுத்த வாரம் வாட்சரே ஆள் வைத்துப் படகைக் கரையேற்றி, அணைக்கட்டுக்குப் பக்கத்தில் அவருடைய ஷெட் முன்னால் போட்டு, மண்ணை நிரப்பி, செண்டுப்பூ நட்டுவிட்டார். பெரியப்பா போய் அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். டிரங்குப் பெட்டி எங்கள் அறை மூலைக்குப் போனது. அப்பாவும் பெரியப்பாவும் வாசல் பக்கம், நாங்கள் உள்ளே. அடுப்புச் சுவரை ஒட்டிய என் இடம் பெரியம்மாவுக்கு. வயசானவங்க, குளிர் தாங்காது என்றாள் அம்மா. என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

பால் காய்ச்சிய அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே நான் பெரியப்பாவிடம் கேட்டுவிட்டேன். அவர் வாசலில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த தாரை மண்ணெண்ணெயால் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே தண்ணீர் இருட்டிக்கொண்டு வந்தது. மாதக்கணக்காக ஓட்டை அடைத்து, தார் ஊற்றி, என் முதுகை ஒடித்து, எல்லாவற்றையும் அப்பாவின் ஒரு பேச்சுக்கு வெட்டி எறிந்துவிட்டாரே என்ற ஆற்றாமை எனக்கு.

"அந்த மொட்டைப்பாறைக்குப் பின்னாடி போட்டிருந்தா காத்தே வந்திருக்காதுல்ல பெரியப்பா? நான் எத்தன தடவ சொன்னேன்?"

"சொன்ன."

"பின்ன ஏன் போடல?"

அவர் துணியைத் திருப்பிப் பிடித்து மறு காலைத் துடைத்தார். "அங்க போட்டா உங்க அப்பன் கூப்புட்டா கேக்காதுலா" என்றார்.

அப்பா அதுவரைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவரைக் கூப்பிட்டதில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததுகூட இல்லை. கூப்பிடாத ஆளின் குரலைக் கேட்பதற்காகவா இந்த மனுஷன் என்னை இத்தனை வாரம் காற்றில் உட்காரவைத்துத் தண்ணீர் இறைக்கவிட்டார் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்து அதைவிட அர்த்தமில்லாத காரணம் உலகத்தில் இல்லை. அவரோடு பேசிப் பிரயோஜனமில்லை என்று எழுந்து உள்ளே போய், குளிர்ந்த சுவர் ஓரமாக என் பாயை விரித்தேன்.